கடைசி லயத்துக்கு லைட்டு வந்த வாரம்

என் வீட்டுக்காரர் ஜூலியசுக்கு ஒரு வியாதி உண்டு. எது கெட்டுப்போனாலும் "தப்பு என்னோடதா இருக்கும்" என்று முதல் ஆளாகச் சொல்லிவிடுவார். குழம்பில் உப்பு கூடினால்கூட, உப்பை வாங்கி வந்தவர் அவர்தானே என்று யோசிப்பார். கல்யாணமான புதிதில் அதைப் பெரிய குணமென்று நினைத்துப் பெருமைப்பட்டேன். போலீஸ்காரர்களிடமும் அதையே சொல்வார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அவர் வயர்மேன். கிள்ளானில் பிறந்து அங்கேயே தொழில் கற்றவர். நானும் கிள்ளான்தான். ஐம்பத்திரண்டாம் வருஷம், மலாயாவில் அவசரகாலம் உச்சத்தில் இருந்தபோது, பத்தாங் பெர்ஜுந்தை போகிற பாதையில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் லைட்டு போடும் குத்தகை கிடைத்து இருவரும் வந்து சேர்ந்தோம். பலகையில் அதற்கு இங்கிலீஷ் பெயர் எழுதியிருந்தது. ஆட்கள் சொல்வது காப்பித் தோட்டம். அங்கே காப்பிச் செடியைக் கண்ணால் பார்த்தவர்கள் யாரும் மிச்சமில்லை. பெயர் மட்டும் பிடிவாதமாக நின்றுவிட்டது.

லயங்களும் ஏறக்குறைய காப்பிக் காலத்தவைதான். செங்கல் கால்களின் மேல் பலகை வீடுகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நீளமாகப் போகும். கூரைக்கு மட்டும் பிற்பாடு தகரம் போட்டிருந்தார்கள். நடுச்சுவர்கள் கூரை வரை எட்டாது. ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் நூறு வயசு சொல்வார்கள். அவசரகாலம் வந்ததும் இந்தப் பழைய லயங்களை அப்படியே வைத்து, சுற்றிலும் முள்வேலி அடித்து, வாசலில் ஸ்பெஷல் போலீஸ்காரர்களைத் துப்பாக்கியோடு நிறுத்தினார்கள். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகக் கூடாதாம். பால் வெட்டப் போகிற பெண்களின் தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். பொழுது சாய்ந்தால் வாசல் பூட்டு.

வேலியைச் சுற்றி இரவு முழுக்க விளக்கு எரிய வேண்டுமென்று உத்தரவு வந்ததால் பெரிய டீசல் இன்ஜின் ஒன்று வந்து இறங்கியது. இன்ஜின் எப்படியும் ஓடத்தானே போகிறது, ஆட்களின் வீடுகளுக்கும் ஆளுக்கொரு பல்பு போட்டுவிடலாமே என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு நல்ல புத்தி தோன்றியிருக்கிறது. அதுவரை அந்தத் தோட்டத்தில் கரண்ட் பார்த்த வீடுகள் இரண்டே இரண்டு. ஒன்று துரை பங்களா. இன்னொன்று பக்கத்திலிருந்த, ஆபீஸ் கணக்கெல்லாம் பார்க்கும் பெரிய கிராணியார் நாராயணசாமியின் வீடு. ஜப்பான் சண்டைக்கு முந்தி பங்களாவுக்குப் போட்ட பழைய ஒயரில் ஒரு கிளை அவர் வீட்டுக்கும் போயிருந்தது.

ஜூலியஸ் வேலை செய்வதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். பழைய பலகையில் ஆணி அடிப்பதற்கு முன்னால் சுத்தியல் பிடியால் தட்டித் தட்டிக் கேட்பார். உள்ளே கறையான் தின்றிருந்தால் சத்தம் பொத்தென்று வரும். அந்த இடத்தை விட்டுவிட்டு, தூணுக்குத் தூண் புதுச் சட்டம் அடித்து, பீங்கான் குமிழ் வைத்து, அதன்மேல் ஒயரை இழுப்பார். முன்னறைக்கும் சமைக்கிற குசினிக்கும் நடுவில் ஒரே பல்பு. நடுச்சுவர் குட்டை என்பதால் இரண்டு பக்கமும் வெளிச்சம் விழும். கதவோரம் ஒரு கறுப்புச் சுவிட்ச். கீழே தட்டினால் எரியும், மேலே தள்ளினால் நிற்கும்.

கிராணியார் வீட்டில்தான் தகராறு. பழைய ஒயரெல்லாம் துணி சுற்றியது, மரச் சட்டத்துக்குள் ஒளிந்து ஓடியது. "அத முழுசா பிடுங்கிடணும் சார்" என்று ஜூலியஸ் சொன்னார். சட்டத்துக்கு வார்னிஷ் அடித்து அழகாக வைத்திருக்கிறேன், அதில் கை வைக்காதே என்று கிராணியார் சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் பழசோடு புதுசை முடிந்தார் ஜூலியஸ். அன்று ராத்திரி அவருக்குச் சரியாகத் தூக்கமில்லை.

இன்ஜின் கொட்டகையைப் பார்த்துக்கொண்டவர் சன்னாசி அண்ணன். அங்கே சுவரில் இரண்டு கைப்பிடிகள் இருந்தன. ஒன்று வேலி விளக்குக்கு, மற்றது வீடுகளுக்கு. இரண்டுக்கும் மேலே பெரிய பியூஸ் ஒன்று. பொழுது சாயும்போது வேலிக் கைப்பிடியைப் போட வேண்டும், பிறகு வீட்டுக் கைப்பிடி. பத்து மணிக்கு வீட்டுக் கைப்பிடியை மட்டும் இறக்கிவிட வேண்டும். ஜூலியஸ் அவரிடம் விளக்கியபோது நானும் கூட இருந்தேன்.

"பல்பு குளுந்து கெடக்கும்போது மொத மூச்சுல ரொம்பக் குடிக்கும்ணே. வெயில்ல வந்தவன் மொத சொம்புத் தண்ணிய மடக்குனு குடிப்பான்ல, அது மாரி. சூடான பொறவு அளவாத்தான் குடிக்கும். அதனால நீங்க கைப்பிடியப் போடறப்ப வீட்டுல எல்லாம் சுவிட்சு மேல இருக்கணும். அப்புறம் அவங்க ஒவ்வொருத்தரா போட்டுக்குவாங்க. எல்லாம் ஒரே நேரத்துல குடிச்சா பெரிய பியூஸ் தாங்காது."

லயம் லயமாகப் போய் பெண்களிடமும் சொன்னார். படுக்கப் போகுமுன் விளக்கை அணைத்துவிடுங்கள் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தத் தோட்டத்துப் பெண்கள் தலையாட்டுவதில் கெட்டிக்காரிகள் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒவ்வொரு லயமாக இணைத்துக்கொண்டே வந்தார். எல்லாம் ஒழுங்காக எரிந்தது. ஒரு புதன்கிழமை கடைசி லயத்தையும் இணைத்து முடித்தார். அன்று சாயங்காலம் பார்க்க வேண்டுமே! பெண்கள் குளித்துப் பூ வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பவுடர் அப்பி, ஏதோ திருவிழா மாதிரி வாசலில் நின்றார்கள். பக்கத்து வீட்டு நாகமணி அக்கா தன் பல்பைத் துணியால் துடைத்துப் பொட்டு வைத்திருந்தாள். இன்ஜின் ஓடியது. வேலி விளக்குகள் எரிந்தன. சன்னாசி அண்ணன் வீட்டுக் கைப்பிடியைப் போட்டார். எல்லா வீட்டிலும் ஒரு மினுக்கு தெரிந்தது, அவ்வளவுதான். வீடும் இருட்டு, வேலியும் இருட்டு.

வேலி இருண்டதும் வேலி வாசலில் காவலுக்கு இருந்தவர்கள் பதறிவிட்டார்கள். யாரோ மலாயில் கத்தினார்கள், யாரோ சுட்டார்கள். நாங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தரையில் படுத்துக்கொண்டோம். காயம்பட்டது வேலம்மா வீட்டுப் பப்பாளி மரம் ஒன்றுக்குத்தான், கடவுள் புண்ணியம். ஆனால் அன்று காலையில்தான் மேட்டுப் பக்கம் நூற்றுக்கணக்கான ரப்பர் மரங்களை யாரோ வெட்டிச் சிதைத்திருந்தார்கள். போலீஸ் லோரி இன்னும் தோட்டத்திலேயே நின்றுகொண்டிருந்தது. காலையில் மரம் வெட்டு, மாலையில் வேலி இருட்டு என்றால் அவர்கள் இரண்டையும் முடிச்சுப் போடாமல் இருப்பார்களா?

லோரியோடு வந்திருந்த இன்ஸ்பெக்டர் ஜூலியசைப் பார்த்து, "எப்படி ஆச்சு?" என்று கேட்டார்.

"தப்பு என்னோடதா இருக்கும் சார்" என்றார் என் வீட்டுக்காரர். கிராணியார் வீட்டுப் பழைய ஒயரை மனதில் வைத்துத்தான் சொன்னார். அதை யார் கேட்டார்கள்? நாற்பத்தேழில் கிள்ளானில் ஒரு தொழிற்சங்க ஆபீசுக்கு ஒயரிங் செய்தாயா என்று அடுத்த கேள்வி. செய்தேன் என்றார். அந்தச் சங்கம் இப்போது தடை. விலங்கு மாட்டி லோரியில் ஏற்றினார்கள். ஏறும்போது திரும்பி, "லில்லி, டூல்ஸ் பெட்டியில மழ படாம பாத்துக்க" என்றார்.

விசாரணை, வழக்கு எதுவும் இல்லாமல் வருஷக்கணக்கில் உள்ளே வைக்கலாம் என்பது அந்தக் காலத்துச் சட்டம். சிலரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றும் கேள்விப்பட்டிருந்தோம். ஜூலியஸ் இந்தியாவைப் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. அங்கே இறங்கி யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்? எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. போலீஸ்மேல், துரைமேல், எல்லாவற்றுக்கும் மேல் அவருடைய அந்த வாய்மேல்.

மறுநாள் காலை கிராணியார் வீட்டில் போய் நின்றேன்.

"சார், அந்தச் சட்டத்தப் பேத்துப் பாக்கணும்."

"என்ன பேசற நீ? ஆம்பள ஆளு இல்லாம…"

"ஆம்பள ஆளு உங்க வார்னிஷ்னாலதான் லாக்கப்புல இருக்காரு. நீங்க பேக்கறீங்களா, நான் பேக்கட்டுமா?"

டூல்ஸ் பெட்டியை நான் கையோடு கொண்டு போயிருந்தேன். அவர் மனைவி உள்ளேயிருந்து, "வயர்மேன் சொன்னப்பவே கேட்டிருக்கணும்" என்று முணுமுணுத்தது எனக்கும் கேட்டது, அவருக்கும் கேட்டது. கடைசியில் அவரே தன் வீட்டு உளியை எடுத்துத் தட்டினார். சட்டத்தைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே தூசி, செத்த பல்லி ஒன்று, பழுப்பேறிய துணி ஒயர். எங்கேயும் கருகல் இல்லை. ஒயர் ஒன்றோடொன்று உரசினால் அந்த இடம் கறுத்துப் போகும், வயர்மேன் பெண்டாட்டிக்கு இதுகூடவா தெரியாது? கிராணியார் முகத்தில் நிம்மதி வந்தது. நான் கைக்கு வந்ததையெல்லாம் பெட்டிக்குள் அள்ளிப் போட்டேன். இதுவும் இல்லையென்றால் பிறகு என்ன?

அன்றைக்கு நாகமணி அக்காதான் எனக்குச் சோறு போட்டாள். அவளுக்கு என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது கூட. தனியாள். பால் வெட்டிப் பிழைத்தாள். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் அவள் புருஷனைச் சயாமில் ரயில் பாதை போடுகிற வேலைக்குப் பிடித்துப் போனான், ஆள் திரும்பவில்லை. அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அவள் அதைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை.

சாப்பிட்டுக் கை கழுவித் திரும்பும்போது கதவோரச் சுவிட்ச் கண்ணில் பட்டது. கீழே தட்டியபடி இருந்தது. நட்ட நடுப்பகல். வீட்டு லைனில் கரண்டே இல்லை. வயர்மேன் வீட்டுப் பழக்கம், கை தானாக மேலே தள்ளப் போனது.

பளாரென்று கைமேல் ஒரு அடி விழுந்தது.

"கைய எடு தங்கச்சி! சாமி படத்துக்கு முன்னால ஏத்துன வெளக்க யாராச்சும் கையால அமத்துவாங்களா?"

"அக்கா, இது வெளக்கு இல்ல. சுவிட்சு."

"எரிஞ்சிச்சுல்ல? அப்ப வெளக்குதான்."

"இப்ப எரியலயே!"

"அது சன்னாசி அமத்துனது. அந்தப் பாவம் அவனச் சேரும்லா."

அடி வாங்கிய கையைத் தடவிக்கொண்டே நின்றேன். ஜூலியஸ் சொன்ன முதல் சொம்புத் தண்ணீர் ஞாபகம் வந்தது. "அக்கா, லைட்டு வந்த மொத நாள்லருந்து இத நீங்க மேல தள்ளுனதே இல்லயா?" என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பல் விளக்கினாயா என்று கேட்டது போல இருந்திருக்கும் அவளுக்கு.

அடுத்த வீட்டுக்கு ஓடினேன். கீழே. அதற்கடுத்த வீடும் கீழே. லயம் லயமாகப் போனேன். வள்ளியம்மா வீட்டில் சுவிட்சுக்குச் சந்தனம் தடவி வைத்திருந்தார்கள். எங்களைப் போல மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள் சிலர் ஒரு கோடியில் இருந்தார்கள், அவர்களாவது தள்ளியிருப்பார்கள் என்று நினைத்தேன். எங்கே? திருஇருதயப் படத்துக்கு முன்னால் எரிவதை எப்படி அணைப்பது என்று அவர்களும் என்னையே திருப்பிக் கேட்டார்கள். அந்தத் தோட்டத்தில் சுவிட்சை மேலே தள்ளிய ஒரே வீடு எங்களுடையதுதான்.

ராத்திரி பத்து மணிக்குச் சன்னாசி அண்ணன் கைப்பிடியை இறக்குவார், எல்லார் வீட்டிலும் விளக்கு தானாகவே குளிரும், யாருக்கும் பாவமில்லை. மறுநாள் அவர் கைப்பிடியைப் போடும்போது அத்தனை பல்பும் ஒரே மூச்சில் குடிக்கும். மற்ற லயங்கள் மட்டும் இணைந்திருந்தவரை பியூஸ் எப்படியோ தாங்கியது. கடைசி லயமும் சேர்ந்த அன்று பொசுங்கிவிட்டது.

சன்னாசி அண்ணனிடம் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டே, "ஊரு பாவமெல்லாம் எந்தலையில விழுதேன்னுதான் தங்கச்சி, தெனம் கைப்பிடிய எறக்குறதுக்கு முந்தி முருகானு கன்னத்துல போட்டுக்குவேன்" என்றார். ஜூலியஸ் சொன்னது மறந்துபோச்சா என்றேன். அவர் மறக்கவில்லை. ஆனால் வீட்டுப் பெண்களிடம் போய் விளக்கை அணை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லையாம்.

அடுத்த நாளே பஸ் பிடித்து டவுன் போலீஸ் நிலையத்துக்குப் போனேன். முதல் தடவை உள்ளேயே விடவில்லை. மறுபடி போனேன், பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மறந்துபோனார்கள். மூன்றாவது தடவை இன்ஸ்பெக்டர் சுப்பிரமணியம் என்னைக் கூப்பிட்டார். ஜூலியசைப் பிடித்துப்போன அதே மனிதர். ஒல்லி, அதிகம் பேசமாட்டார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். பாதியில் குரல் உயர்ந்துவிட்டது. வெளியில் நின்ற கான்ஸ்டபிள் எட்டிப் பார்த்தான்.

"அந்தச் சுவிட்செல்லாம் இப்ப எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"அப்படியேதான் இருக்கு சார். யாரு தொடுவாங்க? வீட்டு லைனயும் அன்னிலருந்து போடல."

"அப்படியே இருக்கட்டும். வெள்ளிக்கெழம சாயங்காலம் வரேன்."

வெள்ளிக்கிழமை என்றபோது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. புருஷனை விடுவித்துக் கொண்டுவரும் நாள் என்று மட்டும் நினைத்துக்கொண்டு வந்தேன்.

அன்று வெயில் தாழ்ந்ததும் ஜீப் வந்தது. பின்னால் ஜூலியஸ் உட்கார்ந்திருந்தார், விலங்கோடு. தாடி முளைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, சிரித்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது. இன்ஸ்பெக்டர் வேலி வாசலில் இருந்த காவல்காரர்களை அழைத்து, விளக்கு போனால் எவனும் சுடக் கூடாது என்று மலாயில் கண்டிப்பாகச் சொன்னார். பெரிய பியூசுக்குப் புது ஒயர் போட்டிருந்தார் சன்னாசி அண்ணன்.

"இருக்கறது இருக்கறபடியே போடு" என்றார் இன்ஸ்பெக்டர்.

வேலி எரிந்தது. வீட்டுக் கைப்பிடியைப் போட்டார். ஒரு மினுக்கு, பிறகு எல்லாம் இருட்டு. மேற்கே கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்ததால் முகங்கள் தெரிந்தன.

ஜீப்பிலிருந்து ஜூலியசின் குரல் வந்தது. "லில்லி! எல்லாச் சுவிட்சும் கீழயா இருக்கு?"

"கீழதான்!"

"ஒருத்தருமே அணைக்கலயா?"

"ஒருத்தருமே!"

ஜூலியஸ் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். பிறகு, "சார், அப்ப தப்பு என்னோடதுதான். நான் இன்னும் நல்லா எடுத்துச் சொல்லியிருக்கணும்" என்றார்.

"வாய மூடுங்க!" என்று கத்திவிட்டேன். இன்ஸ்பெக்டர், துரை, கிராணியார், அத்தனை பேர் முன்னாலும்தான். யாரோ சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் வேறு பக்கம் திரும்பி மீசையைத் தடவிக்கொண்டார்.

"பியூஸ் போகும்னு எனக்கு முன்னாடியே தெரியும்மா. போகாதுனு காட்டு" என்றார் என்னிடம்.

சன்னாசி அண்ணன் மறுபடி பியூஸ் ஒயரை மாற்ற ஆரம்பித்தார். நான் லயத்துப் பக்கம் திரும்பி, எல்லாரும் சுவிட்சை மேலே தள்ளுங்கள் என்று கூவினேன். ஒருத்தியும் அசையவில்லை. வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். தலையில் ஈரம் காயாமல், நெற்றியில் குங்குமத்தோடு நிற்கிறவர்களிடம் விளக்கை அணையுங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்! கிராணியார் முன்னால் வந்து ஆபீஸ் குரலில் அதட்டினார். எல்லாரும் தலையாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள், போய்விட்டு அப்படியே திரும்பி வந்தார்கள். ஒரு சுவிட்சும் மேலே போயிருக்காது என்று எனக்குத் தெரியும்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. என்னென்னவோ பேசினேன். எங்கள் ஆள் உங்கள் வீட்டுக்கு வெளிச்சம் போட வந்துதானே விலங்கில் கிடக்கிறார், ஒரு விரலை அசைக்க உங்களுக்கு மனசு வரவில்லையா என்று கேட்டேன். நாகமணி அக்கா வீட்டு வாசலில் நின்று கேட்டது. அவளைப் பார்த்துத்தான் கேட்டேன்.

அவள் கோபப்படவில்லை. மெல்லச் சொன்னாள்.

"எனக்கு மனசு இல்லாம இல்ல தங்கச்சி. அன்னிக்கும் வெள்ளிக்கெழமதான். வாசல்ல லோரி சத்தம் கேட்டுச்சு. ஜப்பான்காரன் வந்துட்டான், வெளிச்சம் தெரியக் கூடாதுனு பயந்து நாந்தான் வெளக்கக் கையால நசுக்குனேன். இருட்டுல அவரக் கூட்டிட்டுப் போனாங்க. மூஞ்சியக்கூட சரியா பாக்கல. அதுக்கப்புறம் இந்தக் கையால நான் எந்த வெளக்கயும் அமத்தல."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பால் கறை படிந்து காய்ப்புக் காய்த்த கை.

"என் வீட்டுக்காரரயும் லோரியிலதான் ஏத்திட்டுப் போனாங்கக்கா" என்றேன்.

அவள் என் கையை விடாமலே வீட்டுக்குள் கூட்டிப் போனாள். உள்ளே சாமி படத்துக்குக் கீழே அவளுடைய பழைய எண்ணெய் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பல்பு வந்த பிறகும் அவள் அதை விடவில்லை.

"அக்கா, இத எப்பிடி அமத்துவீங்க? கையால மாட்டேன்னு சொன்னீங்களே."

"இதுக்குப் பூ இருக்கு. ஒரு பூவ எடுத்துத் திரியத் தொட்டா அது தானா மலயேறிடும்."

"பூ தொட்டா பாவமில்லயா?"

"பூவுல என்னடி பாவம்?"

கேட்டு முடித்ததும் அவளே சுவிட்சைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை, வாழ்க்கையில் அபூர்வமாக எனக்கு அந்தப் புத்தி அன்று வந்தது. அவள் படத்துக்குச் சார்த்தியிருந்த செம்பருத்தியை எடுத்தாள். கண்ணை மூடி ஏதோ சொல்லிக்கொண்டாள். பூவைச் சுவிட்சின்மேல் வைத்துத் தள்ளினாள். புதுச் சுவிட்ச் கெட்டியாக இருந்தது. பூ கசங்கியது, சுவிட்ச் நகரவில்லை. பூவுக்குப் பின்னால் கட்டைவிரலைக் கொடுத்து ஒரு அழுத்து அழுத்தினாள். டக்கென்று மேலே போனது.

"பூதான் அமத்துச்சு" என்றாள். "வெரலு சும்மா தொணைக்குப் போச்சு."

அடுத்த வீட்டு நல்லம்மாள் நடுச்சுவருக்கு மேலாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "நாகமணிக்கா பூவால அமத்திட்டாங்க" என்று அவள் அந்தப் பக்கம் சொல்ல, சேதி சுவருக்குச் சுவர் தாண்டி ஓடியது. ஆம்பளை ஆட்கள் பிள்ளைகளோடு செடி செடியாகப் பூ பறிக்க ஓடினார்கள். தலையில் வைத்திருந்த பூவைப் பிய்த்தெடுத்தவர்களும் உண்டு. வேதக்கார வீடுகளிலும் பூவைத்தான் எடுத்தார்கள், அவர்களுக்கு யார் சொன்னார்களோ! லயம் முழுக்க டக் டக்கென்று சத்தம் கேட்டது. கடைசி லயத்திலிருந்து வள்ளியம்மா, "ஆச்சு!" என்று குரல் கொடுத்தாள்.

இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். வேலி விளக்குகள் எரிந்தன. சன்னாசி அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக் கைப்பிடியைப் போட்டார். வேலி அப்படியே எரிந்தது. ஒன்றும் பொசுங்கவில்லை.

"இப்ப போடலாம்" என்று ஜீப்பிலிருந்து ஜூலியஸ் கத்தினார். "ஒவ்வொருத்தரா!"

முதலில் நாகமணி அக்கா வீடு எரிந்தது. நடுச்சுவருக்கு மேலே அந்த வெளிச்சம் நல்லம்மாள் வீட்டுக் கூரையில் போய் விழுந்தது. பிறகு நல்லம்மாள் வீடு. அதற்கடுத்த வீடு. யாரும் சொல்லாமலே ஒருத்தி எரிய வைத்ததைப் பார்த்து அடுத்தவள் எரிய வைத்தாள். வெளிச்சம் லயம் நெடுக நடந்து போனது, ஒரு கோடிக்குப் போய்த் திரும்பி அடுத்த லயத்துக்கு வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கடைசி லயத்தின் கடைசி வீடும் எரிந்தது. வேலியும் எரிந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் இன்ஜின் சத்தமே கேட்கவில்லை. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது, நன்றாக அழுதேன்.

இன்ஸ்பெக்டர் நெடுநேரம் லயத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் பேசினார்.

"எங்க குவாட்டர்ஸ்ல பகல்லயும் லைட்டு எரியுதுனு நான் வீட்டுல சத்தம் போட்டுக்கிட்டு இருந்தேன். ஏன்னு அவங்க சொல்லல, நானும் கேக்கல."

ஜீப்புக்குப் போய் விலங்கைக் கழற்றச் சொன்னார். திங்கட்கிழமை ஜூலியஸ் நிலையத்துக்கு வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும், தோட்டத்தை விட்டு வெளியே போவதென்றால் சொல்லிவிட்டுப் போக வேண்டும், மேலே எழுதிப் பதில் வரும்வரை அப்படித்தான் என்றார். "வாக்குமூலத்துல நடந்தத மட்டும் சொல்லுங்க. தப்பு யாரோடதுனு நான் எழுதிக்கறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அந்த மனிதருக்கு இன்றுவரை நான் செபம் சொல்கிறேன்.

பிறகு ஜூலியஸ் பெரிய பியூசை இரண்டாகப் பிரித்து, வேலிக்கு ஒன்று வீட்டுக்கு ஒன்று என்று மாற்றிவைத்தார். கிராணியார் வீட்டுப் பழைய ஒயரையும் பிடுங்கி எறிந்தார், இந்தத் தடவை கிராணியாரே ஏணியைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அதெல்லாம் அடுத்த வாரம். அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து குளித்து, நாகமணி அக்கா கொடுத்தனுப்பிய கருவாட்டுக் குழம்பை ஊற்றி இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார். டூல்ஸ் பெட்டியைத் திறந்து எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தார். கிராணியார் வீட்டு உளியும் அதில் கிடந்தது, எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளேயே வைத்தார்.

பத்து மணி நெருங்கியது. பக்கத்து வீடுகளில் ஒவ்வொன்றாக டக் டக்கென்று சத்தம். ஜூலியஸ் எழுந்து சுவிட்சை மேலே தள்ளக் கையை நீட்டினார்.

நான் அந்தக் கையில் ஒரு அடி வைத்தேன்.

"என்ன லில்லி?"

என் தலையிலிருந்த பூவை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.